வெற்றிலையில் வைத்து வாங்கிய நிழல்

வாங்கினால் இரண்டாக வாங்கு, இல்லாவிட்டால் வாங்காதே என்பது அந்த வீட்டுச் சட்டம். கோவில்பட்டியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த செண்பகவல்லிக்கும் சுகந்திக்கும் அவர்களுடைய மாமியார் போட்டுவைத்துவிட்டுப் போன சட்டம். மூத்தவளுக்கு ஒரு சேலை எடுத்தால் அதே தறியில் விழுந்த, அதே கரை போட்ட இன்னொரு சேலை இளையவளுக்கும் எடுக்கப்பட்டது. ஒருத்திக்கு மூக்குத்தி என்றால் மற்றவளுக்கும் மூக்குத்தி. ஒருத்தியின் மூக்குத்தியில் கல் விழுந்துவிட்டால், புதுக்கல் பதிக்கும்வரை மற்றவளும் தன் மூக்குத்தியைக் கழற்றி வைத்துவிட வேண்டும். மாமியார் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆன பிறகும் சட்டம் மட்டும் அந்த வீட்டு நிலைவாசலில் உட்கார்ந்துகொண்டு, போகிறவர் வருகிறவர் பைகளையெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது.

ஆகவே சித்திரை மாதத்தில் கம்போடியாவுக்குக் கோயில் பார்க்கப் போக வேண்டும் என்று செண்பகவல்லி ஆசைப்பட்டபோது, சுகந்திக்கும் சேர்த்தே சீட்டு எடுக்கப்பட்டது. கல்யாண சீசனில் கடையை விட்டு நகர முடியாது என்று அண்ணனும் தம்பியும் சொல்லிவிட, இரண்டு பெண்களும் ஒரே கரைச் சேலையில், ஒரே மாதிரிப் பெட்டிகளோடு எங்கள் கூட்டத்தில் வந்து சேர்ந்தார்கள். நாங்கள் கோவில்பட்டி, எட்டயபுரம், சங்கரன்கோவில் பக்கத்து ஆட்கள். ஒரு பஸ் நிறைய இருந்தோம். சாம்பார்ப் பொடியும் அப்பளக் கட்டும் குக்கருமாகக் கனி மாஸ்டர் என்கிற சமையல்காரரும் எங்களோடு வந்திருந்தார். அந்த ஊர் வழிகாட்டியின் பெயர் பிசெத். வருஷா வருஷம் தமிழ்நாட்டிலிருந்து வரும் கூட்டங்களைக் கூட்டிக்கொண்டு போய், கூட வரும் சமையல்காரர்களிடம் பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவன் அவன். அதனால் அவனுடைய தமிழ் முழுவதும் அடுப்படியில் வெந்த தமிழாக இருந்தது.

"வாங்கம்மா, வாங்கய்யா, கோயில் ரெடி. சூடு ஆறதுக்குள்ள பாத்துரணும். வெயில் தாளிச்சாச்சு, குடை போடுங்க" என்பான்.

அந்தக் கோயில்களைப் பற்றி என்ன சொல்வது. காடு கோயிலைத் தின்றுகொண்டிருந்தது, கோயிலும் சாவகாசமாகக் காட்டுக்குத் தன்னைத் தின்னக் கொடுத்துக்கொண்டிருந்தது. கல்லில் செதுக்கிய பெண்கள் ஒரு காலை மடித்து ஆடியபடியே பாசி பிடித்துப் போயிருந்தார்கள், வேர்கள் கோபுரத்தின் தோள்மேல் கைபோட்டுக்கொண்டு நின்றன, விளக்கே இல்லாத கருவறைகளில் வௌவால்கள் பூசை நடத்தின. நாங்கள் கழுகுமலையிலிருந்து கொண்டுபோன திருநீற்றை ஆவுடையார் மேல் தூவி, சூடம் ஏற்றப் போய், காவலாளி விசில் ஊதி அணைக்கச் சொல்லி, அணைத்துவிட்டு, அவன் திரும்பியதும் மறுபடி ஏற்றினோம்.

ஆனால் ஒவ்வொரு கோயிலுக்கும் சாமிக்கு முன்னால் வேறு ஆட்களைத் தாண்ட வேண்டியிருந்தது. இன்றைக்குக் கோயில் லீவு, என் மாமன் பட்டுக்கடை திறந்திருக்கிறது என்று சொல்லும் ஆட்டோக்காரன். காவி கட்டிக்கொண்டு கையில் நூலைச் சுற்றிவிட்டு, சுற்றிய பிறகு விலை சொல்லும் மொட்டைத்தலையன். கூண்டுக் குருவியைக் காசு கொடுத்துப் பறக்கவிடு, புண்ணியம் என்பவன், அவன் வீட்டுக் கூரையிலேயே போய் உட்காரும்படி பழக்கிய குருவி. கிரீடம் வைத்து ஆடுகிற வேஷத்தில் தோளோடு தோள் நின்று படம் பிடித்துக்கொண்ட பிறகு, தோளுக்கு இவ்வளவு என்று கை நீட்டுகிற பெண்கள். அத்தனை பேரும் செண்பகவல்லியிடம் தோற்றார்கள். கோவில்பட்டிச் சந்தையில் எடைக்கல்லின் அடியைத் தடவிப் பார்த்து வாங்கிப் பழகியவள் அவள். பாஷை தெரியாவிட்டால் என்ன, ஒருவன் ஏமாற்ற வரும்போது அவன் கால் கட்டைவிரல் எப்படித் திரும்பும் என்று அவளுக்குத் தெரியும். நாங்கள் எல்லாரும் ஆடுமாடு மாதிரி அவள் பின்னால் நடந்தோம். "செண்பகம் அக்கா இருக்கும்போது எந்தப் பய நம்மள ஏமாத்த முடியும்?" என்று பஸ்ஸில் ஒரு நாளைக்குப் பலமுறை சொன்னோம். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், சிரிப்பதை நாங்கள் பார்த்துவிடக் கூடாதென்று.

சுகந்தி அப்படியே மறுபாதி. சொத்தைக் கத்தரிக்காயைக்கூட, விற்பவள் முகம் வாடியிருக்கிறதே என்று வாங்கிக்கொண்டு வருகிறவள். வாங்கிவிட்டு "பாவம்க்கா" என்பாள். வீட்டில் அந்தக் கத்தரிக்காய்க்கு ஜோடியாக நல்ல கத்தரிக்காய் வாங்கி ஈடுகட்டுவது செண்பகவல்லியின் வேலை.

காட்டுக்குள் ரொம்பத் தள்ளியிருந்த ஒரு சிவன் கோயில் வாசலில்தான் அது நடந்தது. உச்சி வெயில். செம்மண் திடலில் ஒரே ஒரு அரச மரம்; ஒரு கல்யாணப் பந்தல் போட்டதுபோல் அகலமான நிழல்; நிழலைச் சுற்றித் தரையில் கயிறு கட்டி, கயிற்றுக்கு வெளியே ஒரு நாற்காலியில் வுத்தி என்ற ஒருவன் உட்கார்ந்திருந்தான். உள்ளே அவன் மனைவி கரும்புச்சாறு வண்டி போட்டிருந்தாள், நாலைந்து நாய்கள் படுத்திருந்தன. நிழலில் நிற்க வேண்டுமானால் காசு என்று அவன் கையைக் காட்டினான்.

"என்னது, அரச மரத்து நிழலுக்குத் துட்டா?" என்று செண்பகவல்லி கேட்ட கேட்பில் நாய்கள் எழுந்து நின்றன. "ஏலே பிசெத்து, இவங்கிட்டச் சொல்லு. எங்க ஊர்ல இந்த மரத்தைச் சுத்தி வந்தாப் புள்ள பொறக்கும். அதுக்கே நாங்க ஒரு பைசா குடுத்தது கிடையாது."

நாங்கள் கைதட்டிச் சிரித்தோம். அவள் முன்னால் நடக்க, வெயிலோடு வெயிலாகக் கோயிலுக்குள் போய்விட்டோம். சுகந்திக்கு மட்டும் ஒற்றைத் தலைவலி. கண்ணைத் திறக்க முடியவில்லை. அவள் பின்தங்கிப்போய், கைப்பையிலிருந்து அவன் கேட்ட டாலரை எடுத்தாள். அரச மரத்தடியில் வெறுங்கையால் காசு நீட்டுவது அவளுக்கு ஒருமாதிரியாக இருந்தது. அதனால், சாமிக்கென்று கொண்டுவந்த வெற்றிலையில் ஒன்றை எடுத்து, அதன்மேல் பாக்கு வைத்து, பாக்கின்மேல் டாலரை வைத்து, எங்கள் பக்கத்தில் மாடோ மனையோ கிரயம் பேசி முடிக்கும்போது கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் நீட்டினாள். இவ்வளவு மரியாதையாக யாரும் அவனிடம் ஏமாந்ததில்லை போலும். வுத்தியும் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

நாங்கள் கோயிலை விட்டு வெளியே வந்து பஸ்ஸை நோக்கி நடந்தபோது சுகந்தியும் எழுந்து நடந்தாள். நிழலும் எழுந்து அவளோடு நடந்தது. நாய்கள் வெயிலில் கிடந்தன. மரம் தன் இடத்திலேயே, இலை ஒன்று குறையாமல், காலடியில் ஒன்றுமே இல்லாமல் நின்றது.

"சுகந்தி, ஒம் பின்னால நிழல் வருது" என்றாள் எட்டயபுரத்து டீச்சர் ஒருத்தி.

"ஆமாக்கா, தலைவலிக்கு இதமா இருக்கு" என்றாள் சுகந்தி.

அவ்வளவுதான் பேச்சு. பஸ் கிளம்பியபோது நிழல் கூரைமேல் ஏறிக்கொண்டது. குளிர்சாதனத்தைக் குறைத்துவிடலாம் என்று டிரைவருக்கு மட்டும் சந்தோஷம்.

மறுநாளிலிருந்து எங்கள் யாத்திரையின் முறையே மாறிப்போனது. விடியற்காலையில் எழுப்பி இழுத்துக்கொண்டு போவதை பிசெத் நிறுத்திவிட்டான். ஊரெல்லாம் வெயிலுக்குப் பயந்து ஹோட்டலுக்குள் ஒடுங்கும் உச்சிப்பொழுதில், ஆளே இல்லாத கோயில்களுக்குள் நாங்கள் ராஜநடை நடந்தோம், ஏனென்றால் எங்கள் நடுவில் சுகந்தி நடந்தாள், சுகந்தியைச் சுற்றி ஒரு முழு அரச மரத்தின் நிழல் நடந்தது, நிழலுக்குள் இலைகள் சலசலத்தன, கிளையில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒரு பறவையின் நிழல் அவ்வப்போது இறகைக் கோதிக்கொண்டது. மூட்டுவலிக்காரர்களுக்கு நடுவில் இடம் என்றும், சர்க்கரை உள்ளவர்கள் வடக்குப் பக்கம் என்றும், புகைப்படம் எடுப்பவர்கள் ஓரத்தில் என்றும் ஒரு ஒழுங்கு தானாக வந்தது. அந்த ஒழுங்குக்காக ஒரு சண்டையும் வந்தது, சண்டையை சுகந்தி ரெண்டு அடி நகர்ந்து நின்று தீர்த்துவைத்தாள். கனி மாஸ்டர் பந்தியைப் பஸ் ஓரத்திலிருந்து நிழலுக்குள் மாற்றிக்கொண்டார். தயிர்சாதம் புளிக்கவே இல்லை என்றார். இரண்டாம் நாள் ஒரு தெலுங்கு பஸ் எங்களோடு ஒட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் கொரியாக்காரர்கள். ஹோட்டலில், வெளியே கார்கள் நிற்கும் இடத்தில் நிழல் படுத்துக்கிடந்ததைப் பார்த்துவிட்டு, மேனேஜர் பார்க்கிங்குக்குக் காசு கேட்டான். பழக்கதோஷத்தில் செண்பகவல்லி முன்னால் பாய்ந்து, "இதுக்கு என்ன சக்கரமா இருக்கு?" என்று கேட்டுப் பாதியாகக் குறைத்துவிட்டாள். குறைத்துவிட்டு, யாருடைய நிழலுக்காக வாயாடினோம் என்று நினைவு வந்ததும் அவளுக்கு நாக்கில் பாகற்காய் கசந்தது.

கோயில் வாசல் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. "இன்னைக்குக் கோயில் லீவு, ஆனா நிழல் அம்மா இருக்காங்க, காட்டுறேன், ஏறுங்க" என்று ஆட்டோக்காரர்கள் வெள்ளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். காவிநூல்காரன் சுகந்தியிடம் வந்து, தன் கையை நீட்டி, அவளை ஒரு நூல் கட்டிவிடச் சொன்னான்.

இத்தனைக்கும் நடுவில் செண்பகவல்லி வெயிலில் நடந்தாள். ஒரு சின்னக் கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு, நிழலின் விளிம்பிலிருந்து ஓர் ஆள் தூரம் விட்டு, தனியாக நடந்தாள். அந்த மரத்தின் நிழலுக்குப் பக்கத்தில் குடையின் நிழல் யானைக்கு முன்னால் உட்கார்ந்த எலி மாதிரி இருந்தது. காற்றடித்து ஒரு கிளையின் நிழல் நீண்டு அவள் பாதத்தைத் தொட்டால், தீக்கங்கை மிதித்தவள்போல் காலை இழுத்துக்கொண்டாள். முகம் கன்றியது, கழுத்தில் வேர்க்குரு பொரிந்தது, மூக்குத்தி சுட்டது. நூறு ஏமாற்றுக்காரர்களிடமிருந்து எங்களைக் காப்பாற்றியவள் அவள். ஒரே ஒருவனிடம் ஏமாந்த சுகந்தியின் பின்னால் நாங்கள் நடந்துகொண்டிருந்தோம். செண்பகம் அக்கா என்ற பேச்சே பஸ்ஸில் இல்லாமல் போயிருந்தது. ஒரு கோயிலில் கள்ளநோட்டு மாற்ற வந்தவனை அவள் மடக்கிப் பிடித்துக் கத்தியபோதுகூட, "சரி விடுங்கக்கா, நிழல் நகருது, வாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டோம்.

சுகந்தி பெருமை பேசியிருந்தால் செண்பகவல்லிக்கு எளிதாக இருந்திருக்கும். அவள் பேசவில்லை. ஒருமுறை மட்டும், கல்பெண்கள் ஆடுகிற ஒரு மண்டபத்து வாசலில், நிழலின் நடுவிலிருந்து திரும்பிப் பார்த்து, "வெயில்ல ஏன்க்கா நிக்கீங்க? உள்ள வாங்களேன், எல்லாருக்கும் இடம் இருக்கு" என்றாள்.

வாங்களேன் என்றாள். வீட்டுக்காரி விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி. அந்த வீட்டில் கல்யாணமாகி வந்த நாள்முதல், வாங்க என்று வாசலில் நின்று சொல்வது மூத்தவளின் வேலை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது இளையவளின் வேலை. செண்பகவல்லி குடையை இன்னும் தாழ்த்திப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு வெயில் புடிக்கும்" என்றாள்.

அன்றைக்கே, எல்லாரும் பந்தியில் உட்கார்ந்த நேரம் பார்த்து, பிசெத்தைத் தனியாகக் கூப்பிட்டாள். "இந்தா பாருப்பா. எங்க வீட்ல ஒருத்திக்கு ஒண்ணு வாங்குனா இன்னொருத்திக்கும் அதே மாதிரி வாங்கணும். அது மாமியா வச்ச சட்டம். அந்த ஆளுகிட்ட எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு."

"அம்மா, அந்த மசாலா வேற எங்கயும் இல்ல" என்றான் பிசெத். ஆனாலும் ஓர் ஆட்டோவைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான்.

திடலில் மரம் நிர்வாணமாக நின்றிருந்தது. அதன் அடியில் வெயில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தது. வுத்தியின் மனைவி ஐஸ்கட்டியைச் சாக்கில் சுற்றி, சாக்கின்மேல் தன் தோள்துண்டைப் போட்டு, அதன்மேல் தன் நிழலையே போட்டு நின்றாள். ஐஸ் அப்படியும் ஒழுகி மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. நாய்கள் வண்டிச் சக்கரத்தின் மெலிந்த நிழலுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கிடந்தன. செண்பகவல்லியின் சேலைக்கரையைப் பார்த்ததும் வுத்தி நாற்காலியிலிருந்து குதித்தெழுந்து கத்த ஆரம்பித்தான்.

"என்ன சொல்றான்?"

"அவனை ஏமாத்திட்டாங்களாம்மா" என்றான் பிசெத். "கொஞ்ச நேரம் நிக்கத்தான் காசு கேட்டேன். அந்த அம்மா இலையில வச்சு மரியாதையா நீட்டி, சட்டியோட வாங்கிட்டுப் போயிட்டாங்கங்கிறான். ஜூஸ் விக்கல, ஐஸ் நிக்கல, பொண்டாட்டி பேச மாட்டேங்குறா. இந்த வயசுல இப்படி ஒரு கூட்டத்துக்கிட்ட ஏமாந்ததில்லையாம்."

செண்பகவல்லிக்கு ஒரு கணம் சுகந்தியைப் பற்றிப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, "சரி, எனக்கு வேற ஒரு மரத்தைக் காட்டச் சொல்லு" என்றாள். காட்டு மரமெல்லாம் சர்க்கார் மரம், தன்னுடையது என்று இன்னும் ஒன்றுதான் உண்டு என்று அவன் திடலின் கோடியிலிருந்த ஒரு பனையைக் காட்டினான். அதன் நிழல் தரையில் ஒரு கரிக்கோடு மாதிரி கிடந்தது, உச்சியில் மட்டும் ஒரு விளக்குமாறு.

"பன நிழலுக்கு நான் எதுக்கு ஏரோப்ளேன் ஏறணும்? எங்க ஊர்லயே இதுல நின்னுதான் பஸ்ஸுக்குக் காத்திருக்கோம்" என்றாள்.

வுத்தியின் மனைவி அப்போதுதான் முதல்முறையாக வாயைத் திறந்தாள். கத்தவில்லை. ஒழுகுகிற ஐஸிலிருந்து கையை எடுக்காமலே ஏதோ கேட்டாள். "அந்த அம்மா நல்ல மனுசியாத் தெரிஞ்சாங்களே, கேட்டா குடுத்துருவாங்க இல்லையான்னு கேக்குறா" என்றான் பிசெத்.

குடுத்துருவா. திரும்பி வரும் வழியெல்லாம் அந்தச் சொல் ஆட்டோவில் செண்பகவல்லியின் பக்கத்திலேயே இடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தது. கேட்ட உடனே கொடுத்துவிடுவாள். "பாவம்க்கா" என்று ஒரு சொல் சொல்லிக் கொடுத்துவிடுவாள். வாங்கினதும் அவள், கொடுத்ததும் அவள் என்று ஆகிப்போகும். ஊருக்குப் போகும்வரை, போன பிறகும், சுகந்தி மாதிரி வருமா என்று இந்த பஸ் பேசிக்கொண்டே இருக்கும். நிழல் அவளிடம் இருப்பதைவிட, அதை அவள் கொடுப்பது செண்பகவல்லிக்குத் தாங்கமுடியாததாக இருந்தது. வுத்திக்கு நிழல் போய்ச் சேரட்டும், ஆனால் அது தன் கையால் போய்ச் சேர வேண்டும்.

நிழலின் சுகத்தில் பந்தி வெகுநேரம் நீண்டு, அப்போதுதான் முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தார்கள். செண்பகவல்லி ஆட்டோவிலிருந்து இறங்கி நேராக நிழலின் விளிம்புவரை வந்தாள். உள்ளே கால் வைக்காமல் நின்றாள்.

"ஏட்டி சுகந்தி, அந்த நிழலை எனக்குக் கிரயம் பண்ணிக் குடு."

குக்கர் விளக்கிக்கொண்டிருந்த கனி மாஸ்டர்கூடக் கையை நிறுத்திவிட்டார். சுகந்தி ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி மூத்தவளைப் பார்த்தாள். கன்றிப்போன முகத்தை, வேர்க்குருவை, குடையை, எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தாள்.

"நான் குடுத்ததுக்கு ரெண்டு மடங்கு ஆகும்க்கா" என்றாள்.

சொத்தைக் கத்தரிக்காய் வாங்குகிற சுகந்தியின் வாயிலிருந்துதான் அது வந்தது என்று நம்ப, இன்னொருமுறை அவள் வாயைப் பார்க்க வேண்டியிருந்தது.

"ரெண்டு மடங்கா?"

"அலைச்சல் இருக்குல்லக்கா. தூக்கிட்டு வந்திருக்கேன். பார்க்கிங் வேற."

"பார்க்கிங்கைக் குறைச்சதே நான்தாண்டி!"

"அதையும் கழிச்சிட்டுத்தான் சொல்றேன்" என்றாள் சுகந்தி, மூத்தவளின் குரலிலேயே, மூத்தவள் சந்தையில் இடுப்பில் கைவைக்கிற மாதிரியே கையை வைத்துக்கொண்டு. இத்தனை வருஷமாகப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்து வந்தவள், வேறு எதையும் வாங்கக் கற்றுக்கொள்ளாவிட்டாலும் அந்தக் கையையும் அந்தக் குரலையும் வாங்கி வைத்திருந்தாள். எத்தனை காலமாக அதற்காக ஏங்கியிருந்தாளோ.

செண்பகவல்லிக்கு வாய் துறுதுறுத்தது. முக்கால் பங்குக்கு முடித்துவிடலாம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பஸ் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. சுகந்தியிடம் பேரம் பேசி வாங்கினாள் என்று நாளைக்குச் சொல்வார்கள். அவள் வெற்றிலையை எடுத்தாள், பாக்கை வைத்தாள், இளையவள் கேட்டதை அப்படியே வைத்தாள், இரண்டு கையாலும் நீட்டினாள். சுகந்தி இரண்டு கையாலும் வாங்கினாள். பிறந்ததிலிருந்து ஒருவரிடமும் ஏமாறாத செண்பகவல்லி தன் சொந்த ஓரகத்தியிடம் ஏமாந்த அந்த நொடியில், நிழல் படுத்திருந்த மாடு எழுந்து உடம்பை உதறுகிற மாதிரி ஒருமுறை உதறிக்கொண்டு, அவள் தலைமேல் வந்து கவிந்தது.

குளிர்ச்சி முதலில் அவள் மூக்குத்தியில் இறங்கியது. பிறகு கழுத்தில், பிறகு முழங்கையில், பிறகு வெயிலில் வெடித்த குதிகாலில். இலைகள் அவள் தலைக்குள்ளேயே சலசலத்தன. அவள் குடையை மடக்கினாள். கண்ணை மூடி, அவ்வளவு நாளும் இதைத்தான் இவள் ஒருத்தியே அனுபவித்துக்கொண்டிருந்தாளா என்று ஒருமுறை, கடைசியாக, நன்றாகப் பொறாமைப்பட்டுக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தபோது வெளியே சுகந்தி வெயிலில் நின்றாள். தலைவலிக்காரி; கண் சுருங்கி, நெற்றியில் கைவைத்து நின்றாள். வாங்க என்று சொல்ல வேண்டிய முறை இப்போது செண்பகவல்லியுடையது. அவள் அந்தச் சொல்லை ருசிபார்த்து, வாய்க்குள் ஒருசுற்று உருட்டி, சொல்லலாமா இன்னும் கொஞ்சம் நிற்கவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, சுகந்தி நடந்து உள்ளே வந்துவிட்டாள்.

"தள்ளி நில்லுங்கக்கா, தலையைப் பொளக்குது" என்றாள்.

செண்பகவல்லி தள்ளி நின்றாள்.

அப்படியே ஊரோடு கொண்டுபோய்விடலாம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. அவள் சொன்னதன்பேரில் பஸ் அந்தக் காட்டுக் கோயிலை நோக்கித் திரும்பிய வழியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். கோவில்பட்டிக் கரிசல் வெயிலில், கடைத்தெருவில், தன் தலைமேல் ஒரு அரச மர நிழல். கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க வருகிறவர்களை வாங்க, வாங்க, எல்லாருக்கும் இடம் இருக்கு என்று அழைக்கலாம். வந்து நிற்பார்கள். நின்றுவிட்டு, இது எப்படி வந்தது என்று கேட்பார்கள். கேட்டால் கதை சொல்ல வேண்டும். கதை எங்கேயிருந்து தொடங்கும்? சுகந்திக்கு ஒருநாள் தலைவலி என்றுதான் தொடங்கும். எத்தனை தடவை சொன்னாலும், எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும், கதையின் வாசலில் கையில் வெற்றிலையோடு சுகந்திதான் நிற்பாள். இப்போதே எங்களில் யாரோ ஒருவர் பின்சீட்டில், "சுகந்தி நிழல் இப்ப செண்பகத்துக்கிட்ட இருக்கு" என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. சாகும்வரை அது சுகந்தி நிழல்.

அதனால் அவள் திடலில் இறங்கி, வுத்தியின் முன்னால் போய் நின்று, ஒரு வெற்றிலையும் ஒரு பாக்கும் எடுத்து, அதன்மேல் எதுவும் வைக்காமல் இரண்டு கையாலும் நீட்டினாள். "காசு வேண்டாம்னு சொல்லு. செண்பகவல்லி குடுத்தான்னு சொல்லு. பேரைத் தெளிவாச் சொல்லு" என்றாள். பிசெத் தெளிவாகச் சொன்னான். வுத்தியின் மனைவி அந்தப் பேரைத் தன் வாயில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

நிழல் தயங்கவில்லை. தொழுவுக்குத் திரும்புகிற மாடு மாதிரி மரத்தடிக்குப் போய், ஒரு சுற்றுச் சுற்றி, பழைய பள்ளத்திலேயே படுத்துக்கொண்டது. நாய்கள் வந்து பழைய இடங்களில் படுத்தன. ஐஸ் ஒழுகுவது நின்றது. வுத்தி கயிற்றை மறுபடி இழுத்துக் கட்டினான், கட்டிமுடித்த கையோடு தெலுங்கு பஸ்காரர்களிடம் கையை நீட்டினான். "செண்பகம் அக்கா மாதிரி வருமா" என்று நாங்கள் சொன்னோம், அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கு அந்தப் பேச்சு, அவள் போட்ட காசுக்கு ஈடாக, பஸ் நிறைய இருந்தது.

ஆனால் நிழல் கிளம்பிய அந்தக் கணத்தில், அதன் தெற்கு ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஒற்றை இலையின் நிழலை, யாரும் பார்க்காதபோது, கால் கட்டைவிரலால் செண்பகவல்லி அழுத்தி மிதித்துக்கொண்டதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. அது அவளோடு விமானம் ஏறியது. ஊருக்கு வந்து சேர்ந்தது. இடது தோளில், முந்தானை மறைக்கிற இடத்தில் ஒட்டிக்கொண்டு, காற்று இல்லாத நேரத்திலும் அரசிலைக்கே உரிய நடுக்கத்தோடு துடித்துக்கொண்டிருந்தது. அந்த உள்ளங்கையகலக் குளிர்ச்சியைப் பற்றி அவள் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. சட்டத்தை மீறி அந்த வீட்டுக்குள் ஒற்றையாக வந்த முதல் பொருள் அதுதான் என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தொண்டையில் சர்க்கரை கரைந்தது.

வைகாசியில் ஒரு நாள் இரண்டு பேரும் மொட்டைமாடியில் மோர் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். நல்ல வெயில். துவைத்த ஜோடிச் சேலைகளைக் கொடியில் போட சுகந்தி கையைத் தூக்கினாள். அவள் வலது புஜத்தில், ரவிக்கைக் கை மேலேறி விலகிய இடத்தில், கறுப்பாக ஒன்று துடித்தது.

செண்பகவல்லி அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை சுகந்தி பார்த்தாள். அந்தப் பதற்றத்தில் மூத்தவளின் முந்தானை தோளிலிருந்து நழுவ, சுகந்தியும் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டாள். மாடியில் மிளகாய் நெடி ஏறிக்கொண்டிருந்தது. கீழே கடையில் யாரோ அண்டாவைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"நூலு ஒட்டியிருக்கு, இரு" என்று செண்பகவல்லி பக்கத்தில் வந்தாள். இல்லாத நூலை எடுக்கிற மாதிரி இளையவளின் புஜத்தின்மேல் விரலை வைத்து, இலையின் காம்பிலிருந்து நுனிவரை மெதுவாக அளந்தாள். அகலம் ஒன்றுதான். நரம்பு ஒன்றுதான். ஒரே கிளையில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கியதாகத்தான் இருக்க வேண்டும்.

பிறகு தன் தோளில் அதே விரலால் அளந்தாள்.

"அக்கா?" என்றாள் சுகந்தி.

"ஒண்ணுமில்ல" என்றாள் செண்பகவல்லி. இன்னொருமுறை அளந்து பார்த்தாள். இலைநுனியின் வால் மட்டும் சுகந்தியுடையதுதான் நீளம்.